செலவில்லாத மண்

மண் வேலையில் செலவைக் குறைக்கத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தப் பெயரை வைத்துத்தான் பிழைத்தேன். இப்போதும் கல்யாண வீடுகளில் பழைய ஆட்கள் யாராவது என்னைப் பார்த்தால், பக்கத்து இலைக்காரரிடம், "சார் ஒரு பள்ளத்த பாத்தார்னா போதும், எத்தினி லோடு மிச்சம் பண்லாம்னு சொல்லிடுவார்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பந்தியில் உட்கார்ந்துகொண்டு யாரையும் அடிக்க முடியாது. ரசத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

எண்பதுகளின் கடைசி அது. அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில் இருந்தோம். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். எதிர் வீடு தஞ்சாவூர், பக்கத்து வீடு சேலம். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அப்புறம் எங்கே போவது. அப்படிப் பயந்துகொண்டிருந்த ஐம்பது அறுபது பேர் ஒரு சங்கமாகச் சேர்ந்து, பருத்திப்பட்டைத் தாண்டி ஒரு சின்ன ஏரிக்குப் பக்கத்தில் இருந்த கழனிகளை வாங்கி மனை பிரித்தார்கள். நெல் விளைந்த கழனி, ரோட்டிலிருந்து மூன்றடி பள்ளம். அதை மேடாக்கி, உள்ளே தெருக்கள் போட்டுக் கொடுக்கும் வேலையை எடுத்தவர் என் முதலாளி. பாலிடெக்னிக்கில் சிவில் முடித்திருந்த நான் அவரிடம் சூப்பர்வைசர்.

முதலாளி கள்ளிக்குப்பத்தில் செங்கல் லாரிக்குக் கிளீனராக இருந்து மேலே வந்தவர். எல்லாரையும் நைனா என்பார். சிரித்துக்கொண்டே திட்டுவார். திட்டு வாங்கியவனும் சிரித்துவிட்டுப் போவான், வீட்டுக்குப் போன பிறகுதான் அவனுக்கு உறைக்கும்.

மண் வேலையில் வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. மண்ணுக்குப் பெரிய விலை கிடையாது, தூரத்துக்குத்தான் விலை. பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் குவாரியில் செம்மண் கிராவலை அள்ளிப் போடுவது ஒரு செலவென்றால், அதை லாரியில் கொண்டுவந்து சேர்ப்பது மூன்று செலவு. வந்த மண்ணைத் தப்பான இடத்தில் கொட்டிவிட்டு மறுபடி வாரினால் அது தண்டம். "மண்ணை ஒரு தடவைக்கு மேல் தொடாதே" என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். அதை நான் நன்றாகவே கற்றிருந்தேன். மட்டம் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு இருபது நாள் அந்தக் கழனிகளில் நடந்தேன். எந்த மூலை மேடு, எந்த மூலை பள்ளம் என்று காகிதத்தில் குறித்தேன். தெருக்களின் மட்டத்தை முக்கால் அடி இறக்கினாலும் தண்ணீர் ஓடிவிடும் என்று காட்டினேன். கால்வாய்க்குத் தோண்டும் மண்ணை அன்றைக்கே பக்கத்து மனையில் கொட்டும்படி வேலையின் வரிசையை மாற்றினேன். இதில் யாருக்கும் துரோகம் இல்லை. நூறு லாரி மண்ணுக்கு மேல் குறைந்தது. நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான், அதைப் பற்றி இன்றைக்கு ஒரு பயலும் பேசுவதில்லை.

முதலாளி காகிதத்தைப் பார்த்தார். "இவ்ளோதானா? இன்னும் கொறைக்க முடியாதா நைனா? பட்ச்சவன்னு சொல்லித்தான உன்ன வச்சிக்கீறேன்" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ரோஷத்தைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அவர் பேராசைக்காரர், அது ஊருக்கே தெரியும். அந்த ஆள் சபாஷ் சொல்ல வேண்டும் என்று ஏங்கிய எனக்கு என்ன பெயர் வைப்பது?

அந்த மே மாதம் லாரிகள் குமணன்சாவடி முனையில் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு நின்றன. பெங்களூர் ரோட்டு பஸ்ஸும் காய்கறி வண்டியும் எங்கள் மண் லாரியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். நாளைக்கு ஆறு நடை வர வேண்டிய லாரி மூன்று நடைதான் வந்தது. சைட்டில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அப்படி ஒரு மத்தியானம், ஏரிக்கரை மேல் மூன்று மாட்டுவண்டிகள் கறுப்பு மண்ணை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தேன். ஏரி வற்றிக் கிடந்தது. எங்கள் மனைக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. என் மூளை அங்கேதான் கெட்டுப்போனது.

முன் வண்டியை யாருக்கோ வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த வண்டிக்காரரை எனக்குத் தெரியும். சங்கத்துக்கு மூன்று ஏக்கர் விற்றவர் அவர்தான். ஐம்பது வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை, அவரும் சம்சாரமும்தான். ஏரிக்கரை ஓரமாக அரை ஏக்கரை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டிருந்தார். அந்த அரை ஏக்கரும் ஒரு ஜோடி மாடும்தான் அவருக்கு மிச்சம். மாட்டை வைத்து ஊரில் நாலு பேருக்கு உழுது கொடுப்பார், வண்டி அடிப்பார், அரை ஏக்கரில் சாப்பாட்டுக்கு நெல் போடுவார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கோடையில் ஏரி வற்றினால், கழனி வைத்திருப்பவர்கள் வண்டல் எடுத்துத் தங்கள் கழனியில் போட்டுக்கொள்ளலாம். காசு கிடையாது. எந்தக் கழனிக்கு என்று சர்வே நம்பர் எழுதி அதிகாரியிடம் ஒரு சீட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். மாட்டுவண்டி மட்டுமே இறங்கலாம், லாரி கூடாது. கழனியை விட்டு வேறு எங்கேயும் அந்த மண் போகக் கூடாது.

நான் யோசித்தது இதுதான். மனைகளுக்காக அவர் விற்ற மூன்று ஏக்கரும் பத்திரத்தில் கைமாறிவிட்டது. ஆனால் கிராமக் கணக்கில் பெயர் மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. அந்தப் புத்தகத்தில் அது இன்னமும் அவருடைய நஞ்சைதான். அவர் பெயரில், அந்த நம்பருக்கே சீட்டு வாங்கினால் ஏரி மண் நேராக எங்கள் மனைக்கு வரும். குவாரி வேண்டாம், லாரி வேண்டாம், குமணன்சாவடி வேண்டாம்.

வண்டல் எப்படிப்பட்ட மண் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நெல்லுக்கு அதைவிட நல்ல மண் கிடையாது. வீட்டுக்கும் ரோட்டுக்கும் அதைவிடக் கெட்ட மண் கிடையாது. மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். இரண்டாம் வருஷப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. மேலே ஓரடி கிராவல் போட்டு ரோலர் ஓட்டினால் தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதன்மேல் வீடு கட்டப் போகிறவர்கள் அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர்கள், தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு அதிரசம் கொடுத்தனுப்பியவர்கள்.

வண்டிக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

"வித்த நெலத்துக்கு வண்டல் கேக்கறதா சார்? நாளிக்கு எவனாவது கேட்டா?"

"புஸ்தகத்துல இன்னும் உங்க பேருதாம்ணே இருக்கு. ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கிடுதேன்."

"இல்ல சார், எங் கழனிக்கும் வண்டல் வேணும். ரெண்டு வருசமா போடல. இந்த தபா போட்லன்னா ஒண்ணும் வெளயாது. அத்தொட்டுதான் நானே சீட்டு வாங்க இருந்தேன்."

"மொதல்ல நம்ம வேலைய முடிங்க. கடைசியா உங்களுக்கு எத்தன வண்டி வேணுமோ அடிச்சுக்கிடுங்க."

அவருடைய சம்சாரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "நம்பள்து மொதல்ல அட்ச்சிக்கினு அப்பால அவங்களுக்கு அடியேன்யா" என்றார். நான் சிரித்து, மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சொன்னேன். படித்தவன் சொல்கிறான், வண்டிக்கு வாடகையும் உண்டு என்று வண்டிக்காரர் தலையாட்டினார்.

மூன்று வாரம் அடித்தார்கள். ஊரிலிருந்து இன்னும் ஏழெட்டு வண்டிகளை அவரே சேர்த்துக்கொண்டு வந்தார். காலையில் ஆரம்பித்தால் வெயில் ஏறுகிறவரை ஏரிக்கும் மனைக்குமாக வண்டிகள் போய்வந்துகொண்டே இருந்தன. முதலாளி ஜீப்பை நிறுத்தி இறங்கி, கறுப்பு மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்து, என் முதுகில் தட்டினார். "இத்த நீதான் யோசிச்சியா நைனா? ஷோக்கா கீது" என்றார். அன்று வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். வெட்கம் கெட்டவன்.

லாரிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் பிழைப்பில் மண் விழுந்திருக்கிறது. யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள். ஒரு காலையில் அதிகாரி இரண்டு ஆட்களோடு வந்து ஏரிக்கரையில் வண்டிகளை மறித்தார். சீட்டை வாங்கிப் பார்த்தார். நஞ்சைக்கு என்று எழுதியிருந்த இடத்துக்கு நடந்து வந்தார். அங்கே மனைக்கு மனை எல்லைக்கல் நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. மற்ற வண்டிக்காரர்கள், சீட்டு அவர் பெயரில்தான் இருக்கிறது, எங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டு ஒதுங்கினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளியும் வந்து சேர்ந்தார். நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். வண்டிக்காரர் எதிரில், மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"இங்க யார் சூப்பர்வைசர்? இந்த மண்ணை யார் கொட்டச் சொன்னது?" என்று அதிகாரி கேட்டார்.

முதலாளி முந்திக்கொண்டார். "அவங்க நெலம்னு நெனச்சிக்கினு கொட்டினு கீறாங்க சார். நாங்க கிராவல்தான் அடிக்கறோம், பில்லு கீது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சிரித்துக்கொண்டுதான் பார்த்தார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். வண்டிக்காரரும் என்னைப் பார்த்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

நீதானே சொன்னாய் என்று வண்டிக்காரர் கத்தியிருந்தால்கூட எனக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கும். அவர் தலையைக் குனிந்து, "நாந்தான் சார் கொட்னேன்" என்றார். வண்டியையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஏரியில் இனி அவருக்கு வண்டல் சீட்டு கிடையாது என்றும் எழுதிவிட்டார்கள். அவர் கழனிக்கு ஒரு வண்டி வண்டல்கூடப் போயிருக்கவில்லை.

மாடுகள் பதினெட்டு நாள் அரசாங்கப் பட்டியில் நின்றன. அபராதம் ஒரு பக்கம், தீனிச் செலவு ஒரு பக்கம். நான் முதலாளியிடம் போய், நாம்தான் கட்ட வேண்டும் என்று சொன்னேன். அதையாவது சொன்னேன் என்று மார்தட்டிக்கொள்ள முடியாது. ஒரே ஒரு தடவை, அதுவும் அவர் சாப்பிட்டு எழுந்து நல்ல மனநிலையில் இருந்தபோது பார்த்துச் சொன்னேன். "சீட்டு அவன் பேர்ல, மாடு அவன்து. நடுவுல நமக்கு இன்னா நைனா?" என்று பல் குத்திக்கொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டு வந்தேன். கடைசியில் வண்டிக்காரர் ஒரு மாட்டை விற்று இன்னொரு மாட்டை மீட்டார். ஒற்றை மாட்டை வைத்து ஏர் ஓட்ட முடியுமா, வண்டி கட்ட முடியுமா? அதையும் ஆவணிக்குள் விற்றுவிட்டார். அந்தப் போகம் அரை ஏக்கரும் தரிசாகக் கிடந்தது.

அந்த மாதம்தான் முதலாளி ஆபீஸில் நாலு பேர் முன்னால் என்னைக் காட்டி, "செலவு கொறைக்கறது எப்டின்னு இவன்கிட்ட கத்துக்கோங்க" என்றார். பெயர் வந்த கதை அதுதான்.

ஐப்பசி மழை எங்களைச் சும்மா விடவில்லை. மேலே ரோலர் ஓட்டிய கிராவல் அழகாகத்தான் இருந்தது. கீழே வண்டல் தண்ணீரைக் குடித்து உப்பிக்கொண்டிருந்தது. வீடு கட்ட முதலில் செங்கல் இறக்க வந்த லாரி, தெரு நடுவில் அச்சு வரைக்கும் புதைந்து நின்றது. சங்கத்தில் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் இருந்தார். கடப்பாரையை வாங்கி அவரே நாலு இடத்தில் குத்திப் பார்த்தார். ஓரடி சிவப்பு, அதற்குக் கீழே கறுப்புக் களி. தெருக்களில் இருப்பதையெல்லாம் வாரி வெளியே போட்டுவிட்டு, ஒழுங்கான மண் அடித்தால்தான் ஆயிற்று என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மனைகளுக்கு அடியில் இருந்ததை அவர் குத்திப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மண்ணை ஒரு தடவைக்கு மேல் தொடாதே என்று பாடம் படித்தவன் அதே மண்ணை இரண்டாம் தடவை வாரினேன். தை மாதம் புல்டோசரும் டிப்பர் லாரிகளும் வந்தன. கிராவலும் வண்டலும் ஜல்லியும் உடைந்த செங்கலும் எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தது. அதை எங்கே கொட்டுவது? தூரமாகக் கொண்டுபோனால் மறுபடி அதே செலவு.

"பக்கத்துல எங்கனா பள்ளம் கீதா?" என்றார் முதலாளி.

நான் யோசிக்கக்கூட இல்லை. இதைச் சொல்லும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. பழக்கப்பட்ட வாய், கேட்டவுடன் பதில் சொல்லிவிட்டது. "ஏரிக்கரை ஓரமா அரை ஏக்கர் இருக்கு. இந்த வருஷம் பயிர் வைக்கல. முந்நூறு அடிக்குள்ளதான் வரும்."

முதலாளி வண்டிக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். "உன் வண்டல உனுக்கே குட்த்துடறேன். அட்ச்சிக் குடுக்கறதுக்கு எனுக்கு ஒரு காசு வேணாம்" என்றார். பாவி மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டார். வண்டல் கிடைக்காமல் போன வருஷம் அல்லவா அது. என்னென்ன கலந்திருக்கிறது என்று முதலாளி சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாளில் கொட்டி முடித்தார்கள். வரப்பு எது, கழனி எது என்று தெரியாமல் ஆள் உயரத்துக்கு நின்றது. இரண்டாம் நாளே வண்டிக்காரரின் சம்சாரம் ஓடிவந்து டிப்பருக்கு முன்னால் நின்றார். கை நிறைய எதையோ பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கீழே போட்டார். ஜல்லி, ஓட்டாஞ்சில், செங்கல் துண்டு.

"இதுல நெல்லு மொளைக்குமா? பட்ச்சவன்தான நீ, சொல்லு."

"ரெண்டு மழை பேஞ்சா சரியாயிரும்" என்றேன்.

அவர் என்னை வைத ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது, எதுவும் அதிகமில்லை. டிரைவர் எஞ்சினை அணைக்காமல் என்னைப் பார்த்தார். நான் கொட்டச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

இரண்டு வருஷம் அந்த மேட்டில் வேலிக்காத்தான்தான் முளைத்தது. அந்த மண்ணை வாரி வெளியே போட வேண்டுமானால் நிலத்தின் விலையே ஆகிவிடும். மூன்றாம் வருஷம் வண்டிக்காரர் அதையும் விலை பேசினார். வாங்கியது என் முதலாளி. "மூணடி பள்ளமா கெட்ந்த எடம் நைனா, இப்ப பாரு, ஒரு லோடு அடிக்க வேணாம். அப்டியே மனை போட்லாம்" என்று ஆபீஸில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயை நானும் குடித்தேன். பிறகு, போய் அளந்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்.

அளக்கும் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அன்றைக்கு ஆள் வரவில்லை. முள்ளுக்கு நடுவில் தனியாகத் திணறிக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், இறங்கி வந்து முனையை வாங்கிக்கொண்டார். அவருக்கு மட்டும் தெரிந்த பழைய வரப்பு இருந்த இடத்துக்குப் போய், குனிந்து, அங்கே வைத்து அழுத்திப் பிடித்தார்.

"சரியா கீதா சார்?" என்று அங்கிருந்து கேட்டார்.

சரியாக இருக்கிறது என்று சொல்லி எழுதிக்கொண்டேன்.